சோம்பலன்று, சோகை

சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றில், கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குச் செல்லும் பஸ்ஸில் நாம் பயணஞ் செய்ய நேர்ந்தது. நமக்கு முன்னாசனத்தில் குடையுங் கையுமாக ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர் என்பது அவர் பேச்சிலிருந்தே தெரிந்தது. அடுத்த வரிசையில், சந்தைப் பையை மடிமீது வைத்துக்கொண்டு, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருத்தி. பெரியவர் அவளை அடையாளங் கண்டுகொண்டார்.

“என்ன பிள்ளை, இந்தக் கிழமையில் உனக்கு மூன்று நாள் அரைப்பேராமே! உன் அம்மா காலத்தில் அவளை மிஞ்சி அந்த மலையில் எவளும் கொழுந்து நிறுத்ததில்லை. இப்போதுள்ள உங்களுக்கு உடம்பு வளைய மாட்டேன் என்கிறது” என்றார்.

அவள் சற்றுத் தயங்கி, “சோம்பல் இல்லீங்க ஐயா. விடியக்காலம் எழும்புறப்பவே காலு ரெண்டும் கல்லாட்டம் கிடக்குது. மேட்டுல நாலு எட்டு வச்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. நின்னு மூச்சு வாங்கிக்கிட்டுத்தான் அடுத்த நெரைக்குப் போக முடியுது” என்றாள்.

பெரியவர் சிரித்தார். “எல்லாவற்றுக்கும் ஒரு நோவு சொல்லிவிடுவீர்கள்!”

அவள் மறுமொழி கூறவில்லை. முகத்தை ஜன்னற் பக்கம் திருப்பிக்கொண்டாள். கம்பியைப் பற்றியிருந்த அவளுடைய விரல் நகங்கள் வெளிறியிருந்ததை நாம் கண்டோம்.

வாசகர்கள் அறிவார்கள்: தோட்டத்தில் குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். ஆகவே அன்று அந்தப் பஸ்ஸில் பேசப்பட்டது ஒரு பெண்ணின் சுறுசுறுப்பைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு மாத்திரமன்று. அது அவள் அடுப்பில் ஏறவேண்டிய அரிசியைப் பற்றிய வழக்கு. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை விஞ்ஞானம் எப்போதோ விசாரித்துத் தீர்ப்புக் கூறிவிட்டது. பஸ் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகச் சோலையின் ஊடே சென்றுகொண்டிருந்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர்களில் ஒருவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் வைத்தியபீடத்தைச் சேர்ந்தவர் என்பது நம் நினைவுக்கு வந்தது.

கொழுந்துக் கூடையில் ஒரு பரிசோதனை

பேராதனை வைத்தியபீடம் 1962ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் அங்கு வைத்தியத்துறையில் பணியாற்றிய டாக்டர் சேனவிரத்ன, கலிபோர்னியாவிலிருந்து வந்த எட்ஜர்டன், கார்ட்னர் முதலிய உடலியல் அறிஞர்களுடன் சேர்ந்து, இரத்தசோகையுள்ளவர்களின் உழைப்பாற்றலை ஆராயப் புகுந்தார். நகரும் பட்டையொன்றின்மேல் பெண்களை நடக்கச் செய்து, அவர்களின் நாடித் துடிப்பையும் இரத்தத்தில் ஏற்படும் மாறுதல்களையும் அளந்தார்கள். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் குறையக் குறைய, ஒரே அளவான நடைக்கு இருதயம் மேலும் மேலும் விரைந்து அடித்தது. தசைகளில் அயர்ச்சியைக் காட்டும் லக்டிக் அமிலமும் மிகுந்தது. மற்றவர்கள் இலகுவில் தாண்டிய மேட்டு நடையைச் சோகை மிகுந்தவர்களால் முடிக்க இயலவில்லை. இவ்வாராய்ச்சி 1977ஆம் ஆண்டில் அமெரிக்கப் போஷணைச் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது.

அடுத்த ஆராய்ச்சி தேயிலை மலைக்கே சென்றது. சோகையுள்ள தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரை. மற்றப் பகுதியினருக்குச் சத்தொன்றும் இல்லாத வெறும் மாத்திரை. பிறகு அவர்கள் பறித்த கொழுந்தின் நிறை பார்க்கப்பட்டது. இரும்புச்சத்தால் ஹீமோகுளோபின் உயர்ந்தவர்கள் முன்னிலும் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 6 முதல் 9 கிராம் வரை மாத்திரமே ஹீமோகுளோபின் இருந்தவர்களிடம், அதாவது மிகவும் வெளிறியிருந்தவர்களிடம், அபிவிருத்தியும் மிகுதியாகக் காணப்பட்டது. 1979ஆம் ஆண்டில் பிரித்தானிய வைத்திய சஞ்சிகை இம்முடிவுகளை வெளியிட்டது.

அந்த ஆராய்ச்சியில் நம் மனத்தைத் தொடும் செய்தி வேறொன்று உண்டு. அறிஞர்கள் கொழுந்து நிறுவையோடு நின்றுவிடவில்லை. தொழிலாளர் தம் அன்றாட வாழ்வில் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்பதையும், சில வேளைகளில் நான்கு மணி நேரமும் சில வேளைகளில் முழுநாளும், கருவி கொண்டு பதிவு செய்தார்கள். மூன்று வாரங்களுக்குப் பின் இரும்புச்சத்துப் பெற்றவர்களின் நடமாட்டம் மற்றவர்களுடையதைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. உற்சாகம் கூலிக்காக வந்ததன்று. உடம்புக்கே திரும்பி வந்திருந்தது. இந்தோனேசியாவில் இறப்பர்த் தோட்டத் தொழிலாளரிடையே நடத்திய ஆராய்ச்சியொன்றும் அதே 1979ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரும்புச்சத்துப் பெற்றவர்கள் கூடுதலாகப் பால் சேர்த்தார்கள் என்று அதுவும் கூறியது.

சோம்பேறிக்கு மாத்திரை கொடுத்து உழைப்பாளியாக்க இயலாது. மாத்திரை கொடுத்தபின் கூடை நிறைகிறதென்றால், முன்பு அங்கே இருந்தது சோம்பல் அல்லவே!

உடம்பின் அடுப்பு

உணவை எரித்து உயிர்ச்சக்தியாக்கும் காரியத்தை நம் பாடநூல்கள் அனுசேபம் என்று கூறும். அதனை ஓர் அடுப்புக்கு ஒப்பிடலாம். சோறும் ரொட்டியும் விறகு. நாம் உள்ளிழுக்கும் ஒட்சிசன் காற்று. விறகு எவ்வளவு அடுக்கினாலும் காற்றுப் புகாவிட்டால் அடுப்பு புகையுமேயன்றி எரியாது. அந்தக் காற்றை நுரையீரலிலிருந்து ஒவ்வோர் அணுவுக்கும் சுமந்து செல்வது இரத்தத்தின் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபின். அதன் நடுநாயகம் இரும்பு. இது மாத்திரமன்று, தசையணுக்களுக்குள் எரிப்பு வேலையைச் செய்யும் நுண்ணிய பொருட்கள் சிலவற்றுக்கும் இரும்பே ஆதாரம். ஆகவே இரும்பு குறைந்தால் காற்றுங் குறைகிறது, அடுப்பும் மங்குகிறது. அந்தக் குறையை ஈடுசெய்ய இருதயம் விரைந்து விரைந்து இறைக்கிறது. “நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது” என்று அந்தப் பெண் கூறியதும், 1977ஆம் ஆண்டில் கருவிகள் கூறியதும் ஒன்றே.

வளர்ந்த ஒருவரின் உடம்பிலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டினால் மூன்று, நான்கு கிராமுக்கு மேற்படாது. அதை உடம்பு பெருஞ் சிக்கனத்துடன் ஆள்கிறது. ஒரு செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து மடிந்ததும், அதன் இரும்பை எடுத்துப் புதிய கலத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஆனால், இரத்தம் வெளியேறும்போது இரும்பும் வெளியேறுகிறது. பெண்களுக்கு மாதந்தோறும் ஒரு நட்டம். ஒவ்வொரு பிரசவத்திலும் ஒரு பெரிய நட்டம். இவற்றோடு, வெறுங்காலால் நடந்த தோட்டத்து மக்களுக்குக் கொக்கிப்புழு என்றொரு பகையும் நெடுங்காலம் இருந்தது. பாதத்தின் தோலைத் துளைத்துப் புகுந்து, குடலில் இருந்துகொண்டு இரத்தம் உறிஞ்சும் அந்தப் புழுவை ஒழிக்க, அமெரிக்க ரொக்பெல்லர் ஸ்தாபனத்தின் உதவியுடன் 1916ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டுத் தோட்டங்களில் முயற்சி நடந்தது. மலசலகூடமும் காலணியும் புழு மருந்தும் வந்தபின் அந்தப் பகை பெரிதும் ஒடுங்கிற்று. ஆயினும் தட்டில் உள்ள குறை தீர்ந்துவிடவில்லை.

லயத்து வீட்டுத் தட்டை எண்ணிப் பாருங்கள். காலையில் கோதுமைமா ரொட்டியும் சம்பலும். பகலிலும் அநேகமாக அதுவே. இரவில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு. பருப்பிலும் கீரையிலும் இரும்பு உண்டு. ஆனால், மரக்கறி உணவிலுள்ள இரும்பைக் குடல் சிறிதளவே ஏற்றுக்கொள்ளும்; மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பைத்தான் இலகுவாக ஏற்கும். விலை ஏறும்போது தட்டிலிருந்து முதலில் விடைபெறுபவையும் மீனும் முட்டையுந்தான். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவு விலை முந்திய ஆண்டிலும் நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தது. அந்த நாட்களில் ஒரு நெத்தலிப் பொட்டலம் வாங்குவதற்கே எத்தனை வீடுகள் யோசித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குவளையில் ஒரு கள்வன்

இனி நாம் கூறப்போவது மலையகத்தில் பிறந்தவர்களுக்குச் சற்றுக் கசப்பாகவே இருக்கும். ஏனெனில் இது தேநீரைப் பற்றியது.

நாம் சென்ற தெல்தோட்டைப் பாதைக்கு அப்பால்தான் லூல்கந்துர இருக்கிறது. அங்கேதான் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையை நட்டார். அன்று முதல் தேயிலை இப்பிரதேசத்து மக்களின் தொழில். அதுவே அவர்களின் பானம். பசித்த வேளையில் அதுவே பாதி உணவு. பிரட்டுக்குப் போகுமுன் ஒரு குவளை, மலையில் பத்து மணிக்குப் போத்தலில் கொண்டுபோன சாயத்தண்ணீர், பகல் ரொட்டியோடு ஒரு குவளை.

தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொருட்கள், மரக்கறி உணவிலுள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்துக் கட்டிவிடுகின்றன. கட்டுண்ட இரும்பு இரத்தத்திற் சேராமல் வெளியேறிவிடுகிறது. 1975ஆம் ஆண்டில் தென்னாபிரிக்க ஆராய்ச்சியாளர் இதனை அளந்து காட்டினார்கள். பாணோடும், சோற்றோடும், உருளைக்கிழங்கு வெங்காயச் சூப்போடும் தேநீர் அருந்தியபோது இரும்பு உட்செல்வது குறைந்தது. 2017ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடத்திய ஆராய்ச்சியொன்று ஓர் ஆறுதலையும் கூறியது: உணவு உண்டு ஒரு மணி நேரங் கழித்துத் தேநீர் அருந்தினால் அந்தத் தீங்கு பெரிதுங் குறைகிறது. தேநீரைக் கைவிட வேண்டியதில்லை. அதை உணவோடு உட்காரவைக்காமல் எட்ட இருத்தினாற் போதும்.

உலகத்தாரின் களைப்பைப் போக்கும் கொழுந்தைக் கிள்ளுகிறவள், அதே கொழுந்தின் சாயத்தால் தன் தட்டிலிருந்த சிறிதளவு இரும்பையும் இழக்கிறாள். விதியின் விளையாட்டு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் ஒரு மணி நேரத்தால் வெல்லக்கூடிய விதி அது.

நம் வீட்டுக் கதை

பஸ்ஸில் அந்தப் பெரியவரிடம் இவற்றையெல்லாம் நாம் ஏன் எடுத்துச் சொல்லவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். சொல்ல நாவெழவில்லை என்பதே உண்மை. அதற்குக் காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மருமகள் முதற் பிள்ளையைச் சுமந்திருந்தாள். காலையில் எழும்பப் பிந்துவாள், இரண்டு படி ஏறினால் உட்காருவாள், பேச்சிலும் உற்சாகமில்லை. “எங்கள் காலத்தில் நிறைமாதத்திலும் உரலில் இடித்தார்கள்” என்று நாமும் ஜாடையாகக் கூறியதுண்டு. ஆறாம் மாதத்தில் இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் எட்டுக் கிராம் என்று வந்தது. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்கவேண்டும். “கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, மகள்?” என்று வைத்தியர் கேட்டார். “ஒரு நாளும் தவறியதில்லை, டொக்டர். மாமா காலையில் தேத்தண்ணீர் கொண்டுவந்து தரும்போது அதோடேயே போட்டுவிடுவேன்” என்றாள் அவள்.

வைத்தியர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குவளையை நாள்தோறும் அன்போடு ஏந்திச் சென்றது நம் கையேயாகும். அறியாமையால் மருந்தைக் கெடுத்ததும் நாமே. களைப்பைச் சோம்பல் என்று பழித்ததும் நாமே. அன்றிலிருந்து மாத்திரை தேசிக்காய்த் தண்ணீரோடு என்றாயிற்று. மாதங் கழிந்தது; நாம் எழும்புமுன் அவள் எழுந்து முற்றத்தில் நடமாடும் ஓசை கேட்டது. அவளை நாம் என்ன சொன்னோம் என்பதை அவள் மறந்துவிட்டாள். நாம் மறக்கவில்லை.

பிறக்குமுன் தொடங்கும் கடன்

தாயின் சோகை தாயோடு முடிவதில்லை. சோகை மிகுந்த தாய்க்குக் குறைமாதத்திலோ நிறை குறைந்தோ பிள்ளை பிறக்கும் ஆபத்து மிகுதி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17.3 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறங்களில் மாத்திரம் அத்தொகை 31.7. மூன்று பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஒரு பிள்ளை! இதற்குச் சோகை ஒன்றே காரணமன்று. வறுமை, நெருக்கமான வீடு, தூய நீரின்மை, அடுத்தடுத்து வரும் நோய் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனால் அந்தக் கணக்கின் முதல் வரி பெரும்பாலும் தாயின் இரத்தத்திலேயே எழுதப்படுகிறது.

இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் டேவிட் பார்க்கர் என்ற அறிஞர் 1980களிலிருந்து ஒரு கருத்தை வற்புறுத்தி வந்தார். கருவில் போஷாக்குக் குறைந்து சிறுத்துப் பிறந்தவர்களுக்கு, வளர்ந்தபின் நீரிழிவும் இருதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதே அது. பஞ்சகாலத்துக்கென்று பழகிப்போன உடம்பு, பின்னர் நிறைய உண்ணும்போது தடுமாறுகிறது என்று விளக்கினார்கள். இந்தியாவில் புனே நகரில் டாக்டர் யாஜ்னிக் குழுவினரும், நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகளிடத்திலும் தசை குறைந்து கொழுப்பு ஒப்பளவில் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். தாய்க்குக் கொடுக்காது விட்ட இரும்பும் புரதமும், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நீரிழிவுக் கிளினிக்கில் வட்டியோடு கேட்கப்படலாம் என்பதை நாம் மறத்தலாகாது.

செய்யக்கூடியவை

சகோதரிகளுக்கு நாம் கூறக்கூடியவை சிலவே. தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி அருந்துங்கள். பருப்பு, கீரை, சம்பல் எதுவாயினும் அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள். அதிலுள்ள விற்றமின் ‘சி’ இரும்பைக் குடல் ஏற்கத் துணைபுரியும், கொதிக்கும் சட்டியில் பிழிந்தால் அந்தச் சத்துக் கெடும். ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்கனியோ உண்டால் அதுவும் அவ்வாறே. மரக்கறிச் சட்டியில் ஒரு பிடி நெத்தலி சேர்ந்தால் பருப்பிலுள்ள இரும்பும் நன்றாகச் சேரும். முருங்கையிலையும் பொன்னாங்காணியும் லயத்து வேலியோரத்திலேயே வளரும். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை விற்றமின் ‘சி’ மாத்திரையோடு சேர்த்து உட்கொள்ளுங்கள். தேநீரோடும் வேண்டாம், கல்சியம் மாத்திரையோடும் வேண்டாம். திரிபோஷா கிடைக்கும்போது அது தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. வீட்டார் எல்லாரும் பங்கிடும் பலகாரமன்று.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. நம் நாட்டில் தலசீமியா என்னும் பரம்பரைக் குறையுடையோரும் உளர். அவர்களின் உடம்பில் இரும்பு போதியளவு இருந்தும் ஹீமோகுளோபின் குறைந்திருக்கும். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகே மாத்திரை.

சகோதரிகளுக்குக் கூறியதோடு நம் கடமை தீர்ந்ததென்று எண்ணுதல் தவறு. நெத்தலி வாங்கச் சம்பளம் வேண்டும். இரத்தம் சோதிக்கப் போனால் ஒரு நாட்பேர் வெட்டுப்படும் என்ற அச்சம் நீங்கவேண்டும். கொழுந்து மடுவத்தில் தராசு வைத்திருக்கும் தோட்ட நிர்வாகங்கள், ஆண்டுக்கொரு முறை அங்கேயே இரத்தப் பரிசோதனைக்கும் இடஞ்செய்யலாகாதா? கூடை நிறையும் என்பதற்காக மாத்திரம் இதைச் செய்யவேண்டுமென்று நாம் கூறவில்லை. கூடை நிறையாவிட்டாலும், மாலையில் வீடு திரும்பும் தாய்க்குத் தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச உடம்பில் தெம்பு இருக்கவேண்டும்.

கலஹாவில் அந்தப் பெண் இறங்கினாள். பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு மேட்டுப்பாதையில் சில அடி நடந்தவள், மதகொன்றின்மேல் கைவைத்து நின்று மூச்சு வாங்கினாள். பஸ் புறப்பட்டது. பெரியவர் அதைக் கவனிக்கவில்லை.

அந்தப் பெரியவர் இப்பக்கத்தைப் படிப்பாராயின் அவருக்கு ஒரு விண்ணப்பம். தாங்கள் ஆண்டுக்கணக்காகப் பிறர் பறித்த கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதியவர். அடுத்த முறை அவளைக் காணும்போது, ஏன் அரைப்பேர் என்று கேளாது, “இரத்தம் சோதித்துப் பார்த்தாயா, பிள்ளை?” என்று கேளுங்கள். நாம் பிந்திக் கேட்ட கேள்வி அது. தாங்களாவது முந்திக் கேளுங்கள்.